சரியாக நிறுத்தப்படவில்லை

அந்தப் பெட்டி ஒரு நிமிடமும் சில விநாடிகளும்தான் உயிரோடு இருந்தது. பஸ்னா மூன்று தரம் அளந்து பார்த்துவிட்டாள். முதல் தரம் ஒரு நிமிடம் நான்கு விநாடி. அடுத்தது ஒரு நிமிடம் ஆறு. மூன்றாவது ஒரு நிமிடம் ஐந்து. மூன்றையும் பதிவுப் படிவமொன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். பழுதான சாமான் இப்படி நேரம் பார்த்தா பழுதாகும்?

மடவளை பஜாரில் மருந்துக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது மர்சூக் ஹாஜியாரின் எக்ஸ்ரே நிலையம். படம் பிடிப்பவர் ஜெயராஜ். பெயர் பதிவதும் படங்களைத் தேடி எடுத்துக் கொடுப்பதும் பஸ்னாவின் வேலை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் முடித்துவிட்டு வந்தவள். நோயாளியின் பெயரைக் கூப்பிட வேண்டுமென்றால் முதலில் தொண்டையைச் செருமிக்கொள்வாள். அவள் செருமி முடிப்பதற்குள் ஜெயராஜ் உள்ளேயிருந்து கூப்பிட்டுவிடுவார்.

ஆறு வருடத்துப் படங்கள் அத்தனையும் மேசைக்கடியில் இருந்த கறுப்புக் கணினிப் பெட்டிக்குள் இருந்தன. ஹாஜியாரின் தங்கை மகன் அம்ஜத் அதைப் பொருத்திக் கொடுத்துவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டான். காசு கொடுக்கத் தேவையில்லாத ஏதோவொரு சிஸ்டம் அதில் ஓடியது. அவனைத் தவிர யாருக்கும் அது புரியாது. ஆறு வருடம் பெட்டி ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்தது. பத்து நாளைக்கு முன்பு ஒரு காலையில் தொங்கியது. ஓஃப் பண்ணி ஓன் பண்ணினார்கள். ஒரு நிமிடம் ஓடித் திரும்பவும் தொங்கியது. கண்டி டவுனிலிருந்து கம்பியூட்டர் கடைக்காரர் வந்து, தட்டிப் பார்த்து, டிஸ்க் செத்துவிட்டது, உள்ளே இருப்பதை அழித்துப் புதிதாகப் போட்டால்தான் சரி என்றார். ஹாஜியாரும் சரி என்றார். புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு.

அதோடு எல்லோரும் அதை மறந்திருப்பார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆஸியா உம்மா வந்தார்.

தெல்தெனியவிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர், தையல் வகுப்பும் நடத்துபவர். ஹபாயா அங்கியின் முன்பக்கத்தில் இரண்டு ஊசிகள் இன்னும் குத்தியபடி இருந்தன.

"எங்க, மகள், அந்த மெலிஞ்ச தம்பி? படம் புடிக்கிறவர்?"

"நான்தாங்க," என்று ஜெயராஜ் வெளியே வந்தார். "மெலிஞ்சு இருந்தது அப்ப. இப்ப ரெண்டு சுத்து பெருத்துட்டேன்."

"நல்லம். துணி கூடத் தேவப்படும். என்ட பழைய படத்தத் தாங்க."

கதையைச் சொன்னார். கண்டியில் கிளினிக்கில் புதிதாக ஒரு எக்ஸ்ரே பிடித்தார்களாம். வலது பக்கத்து நுரையீரலில் வட்டமாக ஒன்று தெரிந்ததாம்.

"டொக்டர் கேட்டாரு, முந்தி எப்பவாச்சும் நெஞ்சுப் படம் புடிச்சீக்கிறீங்களா எண்டு. ஓ, ரெண்டு வருஷத்துக்கு முந்தி இருமலுக்கு மடவளையில புடிச்ச எண்டு சென்ன. அதக் கொண்டு வாங்க எண்டாரு. அதுலயும் இது ஈந்து, அதே அளவுல ஈந்தா பயமில்லயாம். இல்லாட்டி நெஞ்சுக்குள்ள ஊசி உட்டு எடுத்துப் பாக்கணுமாம். அதுக்குக் கொழும்புக்குப் போகணுமாம். வியாழக்கிழம கிளினிக்."

"அப்ப தந்த ஃபிலிம் இல்லயா மாமி?" என்று பஸ்னா கேட்டாள்.

"நீங்க எங்க புள்ள ஃபிலிம் தந்த? அது ஃபிலிம் இல்லாத வருஷம். ஃபோனுக்குத்தான் அனுப்பின. அந்த ஃபோன நான் திரீவீல்ல உட்டுட்டு எறங்கின."

அது உண்மை. டொலர் தீர்ந்துபோன அந்த வருடம் நாட்டில் எதுவுமே இல்லை. எக்ஸ்ரே ஃபிலிமும் இல்லை. படங்கள் பெட்டிக்குள் மட்டும் இருந்தன.

ஜெயராஜ்தான் சொன்னார், பெட்டி பழுது என்று. ஆஸியா உம்மா அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"பொட்டி பழுதெண்டா நான் என்ன செய்ய? ரெண்டு வருஷம் பின்னால போய் நிண்டு படம் புடிச்சிட்டு வரவா?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. ஒரு கையால் மற்றக் கையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வாங்க மாமி," என்று பஸ்னா சொன்னாள். சொன்னது தான்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவர் படியிறங்கியதும் ஜெயராஜ் திரும்பினார். "நாளைக்கு வாங்கன்னுட்டீங்க. நாளைக்கு என்னாங்க மிஸ் இருக்கு?"

"தெரியா அண்ணே."

அதற்குப் பிறகுதான் அவள் நேரம் அளக்கத் தொடங்கினாள். கிடைத்த நிமிடத்துக்குள் ஆஸியா உம்மாவின் படத்தைத் தேடியும் பார்த்தாள், தேடி முடிவதற்குள் பெட்டி தொங்கியது.

தொங்கிய பிறகும் பெட்டி முழுதாகச் செத்துவிடவில்லை. அது இரண்டாவது ஆச்சரியம். விசைப்பலகையில் எழுத்தை அமர்த்தினால் திரையில் எழுத்து வந்தது. ஆனால் பெயரை எழுதி உள்ளே விடச் சொன்னால் பதில் இல்லை. கவுண்டர் கணினியிலிருந்து 'இருக்கிறாயா' என்று மட்டும் கேட்கும் கட்டளை ஒன்றை அனுப்பிப் பார்த்தாள். இருக்கிறேன் என்று உடனே பதில் வந்தது. நூறு தரம் கேட்டாள். நூறு தரமும் வந்தது. கூப்பிட்டால் 'ஓ' என்கிறது, கதவை மட்டும் திறக்கவில்லை. செத்தவர்கள் அப்படிச் செய்வதில்லை.

நான்காம் தரம் ஓன் பண்ணியபோது கைபேசியைத் திரைக்கு நேரே பிடித்து, ஓடிய வரிகளை வீடியோ எடுத்தாள். பிறகு ஆறுதலாக நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். ஆங்கில வரிகளுக்கு நடுவே இரண்டு அவளைப் பிடித்து நிறுத்தின. ஒன்று, டிஸ்க் சரியாக நிறுத்தப்படவில்லை என்றது. மற்றது, கோப்புகளின் சரிபார்ப்பு அறுபது விநாடியில் பின்னணியில் தொடங்கும் என்றது.

அறுபது விநாடி. அவள் படிவத்தின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

அப்படியென்றால் தொங்கல் எங்கிருந்தோ வரவில்லை. பெட்டி அறிவித்துவிட்டு ஏதோவொன்றைத் தொடங்குகிறது. தொடங்கியதும் அமைதியாகிவிடுகிறது.

அம்ஜத்துக்கு வீடியோவை அனுப்பினாள். அவனோடு அவள் முன்பு பேசியதில்லை. என்ன எழுதுவது என்று மூன்று தரம் எழுதி அழித்து, கடைசியில் அண்ணன் முறை வைத்து 'அம்ஜத் நானா, இது எதனால்?' என்று மட்டும் எழுதினாள். அரை மணியில் வொய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம்.

"தங்கச்சி, யாரோ ஓஃப் பண்ணீக்கி. முறைப்படி நிப்பாட்டாம ஓஃப் பண்ணினாத்தான் அந்த வரி வரும். தொங்கினதுக்குப் பொறகு பட்டன அமத்தினதச் செல்லல்ல. அதுக்கு முந்தி யாரு ஓஃப் பண்ணின? அதக் கேளுங்க."

கேட்டாள். ஹாஜியார் கீழே மருந்துக்கடையில் இருந்தார்.

"ஓஃப் பண்ணினயா? நாங்க ஒருநாளும் ஓஃப் பண்றல்ல. அம்ஜத் போகக்குள்ள சென்னத இண்டைக்கும் காப்பாத்துற. கரண்ட் போனாலும் ஓடத்தானே யூபிஎஸ் பெட்டரி வாங்கி வெச்சீக்கி."

ஜெயராஜ் அடித்துச் சொன்னார். "சத்தியமா இல்லிங்க மிஸ். அந்தப் பட்டன் பக்கம் என் வெரலு போனதே இல்ல."

பெட்டியின் நெற்றியில் அம்ஜத்தின் கையெழுத்தில் மூன்று மொழியிலும் ஒட்டியிருந்தது: ஓஃப் பண்ண வேண்டாம். அவளும் ஒருநாளும் பண்ணியதில்லை. யாரும் பொய் சொல்வதாகத் தெரியவில்லை.

ஐந்தாம் தரம் ஓன் பண்ணி, கிடைத்த ஒரு நிமிடத்துக்குள் பழைய பதிவேட்டைத் திறந்து வேகமாக உருட்டி, அதையும் வீடியோ எடுத்தாள். பெட்டி நன்றாக இருந்த நாட்களில் தன் வேலைகளை நேரத்தோடு எழுதி வைத்திருந்தது. ஒக்டோபர் முதலாம் திகதி, பிற்பகல் இரண்டு ஐம்பதோடு வரி நின்றது. அடுத்த வரி மறுநாள் காலை எட்டு மணிக்கு. இரண்டாம் திகதி மூன்று பத்துக்கு நின்றது. நான்காம் திகதி இரண்டு நாற்பது, ஐந்தாம் திகதி காலையில்தான் தொங்கியது. மூன்றாம் திகதி மட்டும் இரவு முழுக்க ஓடியிருந்தது. மற்ற நாட்களில் பின்னேரத்தில், ஏறக்குறைய ஒரே நேரத்தில், யாரோ பெட்டியைச் சாகடித்திருக்கிறார்கள். செப்டெம்பரில் அப்படி ஒன்றும் இல்லை.

இரண்டரைக்கும் மூன்றேகாலுக்கும் நடுவே இங்கே என்ன நடக்கிறது? தேநீர் வரும். அஸர் தொழுகைக்கு இன்னும் நேரமிருக்கும். நோயாளிகள் குறைவு. படிவத்தில் எழுதி எழுதி அடித்தாள். ஜெயராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, "போலீஸ்ல சேந்துருக்கலாம் நீங்க," என்றார்.

மணி இரண்டே முக்கால். ஹுன்னஸ்கிரிய மலைப் பக்கம் கறுத்து வந்தது. முதல் இடி தூரத்தில் உருண்டது.

"கழட்டுங்க!" என்று கீழேயிருந்து ஹாஜியார் கத்தினார்.

எல்லோரும் ஓடினார்கள். ஜெயராஜ் எக்ஸ்ரே இயந்திரத்தின் மெயினை இறக்கினார். பிறகு குளிர்சாதனப் பெட்டி, தேநீர்க் கேத்தல், ரீ.வி., கவுண்டர் கணினி. ஏப்ரலில் ஒரு மின்னலுக்கு றூட்டர் எரிந்ததிலிருந்து ஹாஜியார் இதில் விட்டுக்கொடுப்பதேயில்லை. பஸ்னாவின் பங்கு மேசைக்கடியில். குனிந்து யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து இழுத்தாள். யூபிஎஸ் வீல் வீலென்று கத்தத் தொடங்கியது. கத்தினால் அதன் பட்டனை அமர்த்தி வாயை மூடுவது வழக்கம். அமர்த்தினாள். சத்தம் நின்றது. பெட்டியின் விசிறியும் நின்றது.

பிளக் அவள் கையில் இருந்தது.

கொஞ்ச நேரம் அப்படியே மேசைக்கடியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னாங்க, பாம்பு கீம்பா?" என்று ஜெயராஜ் குனிந்தார்.

"நான்தான் அண்ணே," என்றாள். "ஒவ்வொரு நாளும் நான்தான் ஓஃப் பண்ணீக்கி."

"நீங்க எங்க ஓஃப் பண்ணுனீங்க? கழட்டுனீங்க."

அதுதான். ஓஃப் பண்ணுவது வேறு, கழட்டுவது வேறு. இடி இடித்தால் கழட்ட வேண்டும், மறுநாள் காலையில் திரும்பக் குத்த வேண்டும். அது குடை விரிப்பது மாதிரி. எந்த வீட்டில் யார் அதை எண்ணி வைத்திருக்கிறார்கள்? யூபிஎஸ்ஸின் வாயை மூடியதும் ஓஃப் பண்ணியதில் சேர்த்தியில்லை, அது சத்தத்தை நிறுத்தியது. அம்ஜத் கேட்ட கேள்விக்கு அவர்கள் எல்லோரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் திகதி மடவளையில் மழையே இல்லை என்பது அவளுக்கு இப்போது நினைவு வந்தது.

விஷயத்தைக் கேட்டு அம்ஜத் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு இன்னொரு வொய்ஸ் அனுப்பினான். இந்த முறை நீளமானது.

"அது தொங்கல்ல தங்கச்சி. வேல செய்யிது. திடீரெண்டு கரண்ட் போனா டிஸ்க்ல எழுதிக்கொண்டீந்தது பாதியில நிண்டீக்கும். அடுத்த நாள் எழும்பினதும் எல்லாம் சரியா எண்டு பாக்கணும். ஆக்கள் காத்துக்கொண்டீக்க ஏலா எண்டு நான் அதப் பின்னணியில செய்ய உட்ட. அதுக்கு மொதல்ல டிஸ்க்க அப்பிடியே ஒரு படம் எடுக்கணும். படம் எடுத்து முடியிற வரைக்கும் யாரும் டிஸ்க்ல ஒரு எழுத்தும் எழுத ஏலா. அதுதான் நீங்க பாக்குற தொங்கல். ஏப்ரல்லயும் இந்த மாசத்து மொத நாளுகள்லயும் இப்பிடி நடந்தீக்கும். அப்ப டிஸ்க்ல எடம் ஈந்திச்சு, கொஞ்ச நேரத்துல முடிஞ்சீக்கும். இப்ப டிஸ்க் நெரம்பிட்டு. லச்சக்கணக்குல கோப்பு. மணிக்கணக்குல எடுக்கும். நீங்க பத்து நிமிசத்துல பட்டன அமத்துறீங்க. மறுகா அது மொதல்ல ஈந்து தொடங்குது."

பஸ்னா அதை ஜெயராஜுக்குத் தன் வார்த்தையில் சொன்னாள். அவர் கன்னத்தைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

"அப்ப நம்ம வேலயத்தான் அதுவும் செய்யுது. மூச்ச இழுத்துப் புடிச்சுக்க, ஆடாதன்னு சொல்லிட்டு படம் எடுக்குது. நாம என்னா பண்ணிருக்கோம்? மூச்சப் புடிச்சுக்கிட்டு நிக்கிறவன் மண்டையில அடிச்சு, அடிச்சு, திரும்பத் திரும்ப எழுப்பிருக்கோம்."

காலையில் தான் செய்த ஐந்து சோதனைகளும் ஐந்து அடி என்று பஸ்னா நினைத்தாள்.

புதன்கிழமை அவள் ஏழரைக்கே வந்துவிட்டாள். அம்ஜத் எழுதி அனுப்பிய முறை இதுதான்: வேறு எந்த வேலையும் தொடங்காத நிலைக்குப் பெட்டியைக் கொண்டுவர வேண்டும். பின்னணியில் அல்லாமல் முன்னாலேயே சரிபார்க்கச் சொல்ல வேண்டும். கேட்கிற கேள்விக்கெல்லாம் ஆம் என்று பதில் போக வேண்டும். பிறகு கை வைக்கக் கூடாது. எவ்வளவு நேரம் என்று அவனுக்கும் தெரியாது. எல்லாப் படமும் திரும்ப வரும் என்று சத்தியம் பண்ணவும் அவன் தயாரில்லை.

எட்டேகாலுக்குத் தொடங்கியது. ஒரு வரி வந்தது, பிறகு ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு விசைகளைச் சேர்த்து அமர்த்தினால் எத்தனை சதவீதம் முடிந்தது என்று சொல்லும். எட்டரைக்கு நான்கு. ஒன்பதுக்கு பதின்மூன்று. ஒன்பதரைக்கு பதினைந்துதான். அவள் படிவத்தின் பின்பக்கத்தில் புள்ளிகளைக் குறித்து ஒரு கோடு இழுத்தாள். கோடு நேராக இல்லை. வெறும் பகுதிகளை வேகமாகக் கடக்கிறது, படங்கள் அடர்ந்த இடத்தில் மெதுவாகிறது. அப்படியென்றால் இந்த வளைவைப் பார்த்தே எந்த வருடத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்லலாமோ? அது இப்போதைக்குத் தேவையில்லாத கேள்வி. இருந்தாலும் ஓரத்தில் எழுதி வைத்தாள்.

கோட்டை நீட்டிப் பார்த்தால் முடிவது பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு.

ஆஸியா உம்மா இரண்டு மணிக்கு வந்து, காத்திருக்கும் கதிரைகளில் விசிறிக்கு நேர்கீழே ஒன்றைப் பிடித்து உட்கார்ந்தார். "வந்தா?" என்றார்.

"எழுபத்தொரு சதவீதம் மாமி."

"மிச்சம் இருபத்தொம்போதுலயா நான் ஈக்கிறது?"

"தெரியா மாமி."

இரண்டு நாற்பதுக்கு முதல் இடி. நேற்றையதை விடக் கிட்டே.

"கழட்டுங்க! கழட்டுங்க!" ஹாஜியார் இன்று தானே படியேறி வந்தார். ஜெயராஜ் மெயினை இறக்கினார். ஹாஜியார் நேராக மேசைக்குப் போனார். பஸ்னா குறுக்கே நின்றாள்.

"வேணாம்," என்றாள்.

அது யாருக்கும் கேட்கவில்லை. ஹாஜியார் குனிந்தார்.

"வேணாம் ஹாஜியார்!"

இது அளவுக்கு மீறிக் கேட்டது. கதிரைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காது சுட்டது.

"என்ன வேணாம்? ஏப்ரல்ல றூட்டர் எரிஞ்சது மறந்தா? பொட்டியும் எரிஞ்சா படம் எங்க ஈந்து வரும்?"

அவர் சொல்வது சரி. கம்பி வழியாக மின்னல் எப்படி வரும் என்று அவரை விட அவளுக்கு நன்றாகத் தெரியும். எழுபத்தெட்டு சதவீதத்தில் பெட்டி எரிந்தால் எதுவுமே இல்லை. எழுபத்தெட்டில் நின்றாலும் மறுபடி முதலிலிருந்து. ஐந்து மணிக்குக் கடைக்காரர் வருகிறார். நாளை கிளினிக்.

என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கண்ணை மேலே உயர்த்தினாள். மெயின் இறக்கியாகிவிட்டது. மேசைக்கடியில் இருந்த பெட்டியைத் தவிர மற்றதெல்லாம் நின்றுவிட்டது. ஆஸியா உம்மாவின் தலைக்கு மேலே விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அது எப்பிடி ஓடுது?"

"எது?" ஹாஜியாரும் மேலே பார்த்தார். "அது இன்வர்ட்டர்ல. கரண்ட் வெட்டின காலத்துல வெச்ச. பெட்டரி."

"பெட்டரிக்கும் சுவருக்கும் தொடர்பில்லயே இப்ப?"

"பிளக்கக் கழட்டினா இல்ல."

"அப்ப இதயும் கழட்டுவோம் ஹாஜியார். ஓஃப் பண்ண வேணாம்."

"ரெண்டும் ஒண்டுதானே புள்ள?"

"இல்ல ஹாஜியார். நேத்து வரைக்கும் நானும் ஒண்டெண்டுதான் நெனச்ச."

ஜெயராஜுக்குப் பாதி சொல்லும்போதே புரிந்துவிட்டது. பெட்டரி பிணம் கனம் கனத்தது. நோயாளிகளின் சக்கரக் கதிரையைத் தள்ளிக்கொண்டு ஓடி, சுவரிலிருந்து பிளக்கைக் கழட்டி, அதில் பெட்டரியையும் இன்வர்ட்டரையும் ஏற்றினார். விசிறி நின்றது. "ஒதுங்குங்க, ஒதுங்குங்க, சீரியஸ் கேஸ்," என்று கத்திக்கொண்டு நடைவழியில் தள்ளி வந்தார். பஸ்னா முதலில் றூட்டரோடு இருந்த வயரைக் கழட்டினாள். பிறகு யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து இழுத்தாள்.

வீல் என்று கத்தியது. பெட்டியின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பழைய யூபிஎஸ். ஐந்து நிமிடம் தாங்குமோ, இரண்டு நிமிடமோ. ஹாஜியாரின் கை தன்பாட்டில் அதன் பட்டனை நோக்கிப் போனது.

"மர்சூக் நானா! கைய எடுங்க!" என்றார் ஆஸியா உம்மா. தையல் வகுப்பில் சொல்கிற குரல். ஹாஜியார் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சக்கரக் கதிரை மேசையில் இடித்து நின்றது. பஸ்னா பிளக்கை இன்வர்ட்டரில் குத்தினாள். யூபிஎஸ் இன்னும் இரண்டு தரம் கத்தி அடங்கியது. அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஒன்று வெட்டி, பஜார் முழுக்க அதிர்ந்தது. அவள் இரண்டு விசைகளைச் சேர்த்து அமர்த்தினாள்.

எண்பது.

மழை கொட்டியது. விசிறி இல்லாமல் எல்லோரும் வியர்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவர் ஹாஜியாரிடம் காற்று வேண்டும் என்று முறையிட்டார். "வாப்பா, கொஞ்சம் பொறுங்க, பொட்டிக்கு ஒப்பரேசன் நடக்குது," என்றார் ஹாஜியார். நான்கு மணி ஐந்து நிமிடத்துக்குச் சரிபார்ப்பு முடிந்தது. பெட்டி தானாக எழுந்தது. ஒரு நிமிடம் போனது. ஒரு நிமிடம் ஐந்து விநாடி போனது. இரண்டு நிமிடம். அவள் பெயரை எழுதினாள். உள்ளே விட்டது.

முதல் வேலையாக, தொடங்கும்போது பெட்டி வாசிக்கும் அமைப்புக் கோப்பில் பின்னணிச் சரிபார்ப்பு என்ற இடத்தில் ஆம் என்றிருந்ததை இல்லை என்று மாற்றினாள். இனிச் சரிபார்ப்பதென்றால் எல்லோர் முன்னாலேயும் செய்யட்டும். காத்திருப்பதற்கு அவர்கள் பழகிக்கொள்ளலாம்.

பிறகு ஆஸியா உம்மாவின் பெயரைத் தேடினாள். இல்லை. அந்த வருடம் அவர் படம் பிடித்த ஜூலை மாதத்தின் பகுதியையே திறந்தாள். இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது.

"இல்லயா?" என்றார் ஆஸியா உம்மா. பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

பஸ்னா அம்ஜத்தின் மெசேஜ்களை மறுபடி பார்த்தாள். ஒன்றின் கடைசியில் அவன் எழுதியிருந்தான்: இடம் தெரியாமல் போன கோப்புகளைச் சரிபார்ப்பு தனியாக ஓரிடத்தில் போடும், பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். அந்த இடத்தைத் திறந்தாள். முன்னூற்றுப் பன்னிரண்டு எண்கள்.

"பேரு போனா என்னாங்க," என்றார் ஜெயராஜ். "படத்து மூலையில நாம எழுதுன பேரு இருக்கும்ல? ஒன்னொன்னா தொறங்க."

ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒரு முழங்கால். ஒரு கை முறிவு. ஒரு குழந்தை விழுங்கிய காசு, வயிற்றுக்குள் வட்டமாக. ஆஸியா உம்மா அதைப் பார்த்து, "இது யார்ட வம்பு?" என்றார். நெஞ்சுகள் பல. எல்லோரும் மூச்சைப் பிடித்தபடி. நூற்று நாற்பத்தேழாவதின் மூலையில் ஆஸியா உம்மா என்று இருந்தது.

ஜெயராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வலது பக்கம், மூன்றாவது விலா எலும்புக்குக் கீழே விரலை வைத்தார்.

"இருக்குங்க. அப்பவே இருந்திருக்கு."

"எத்தின அளவு?"

"பதினொரு மில்லிமீட்டர்."

"சேர்ட் பொத்தான்," என்றார் ஆஸியா உம்மா உடனே. பிறகு குரல் இறங்கியது. "புதுசுல எத்தின எண்டு எனக்குச் செல்லல்லயே."

புதுப் படம் கிளினிக்கில் இருந்தது. ஜெயராஜ் பழையதை ஃபிலிமில் அடித்து, பெரிய உறைக்குள் போட்டு, மழை படாமல் மேலே பொலித்தீனையும் சுற்றிக் கொடுத்தார். ஹாஜியார் கடைக்காரருக்கு ஃபோன் எடுத்து, வரத் தேவையில்லை என்றார். ஏன் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். "கழட்டினது யாரெண்டு கண்டுபுடிச்சிட்டம்," என்றார் ஹாஜியார்.

வியாழக்கிழமை பஸ்னாவுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பத்து மணிக்கு ஃபோனைப் பார்த்தாள். பன்னிரண்டுக்குப் பார்த்தாள். ஆஸியா உம்மாவிடம் தன் எண் இல்லை என்பது ஒரு மணிக்குத்தான் நினைவு வந்தது. பதினொன்று என்ற எண்ணையே யோசித்துக்கொண்டிருந்தாள். புதுப் படத்தில் அது என்னவாக இருக்கும்? பன்னிரண்டா? இருபதா? ஓர் எண்ணை வைத்துக்கொண்டு கோடு இழுக்க முடியாது. குறைந்தது இரண்டு புள்ளி வேண்டும்.

இரண்டு மணிக்குப் படியில் சத்தம் கேட்டது.

"எங்க அந்தப் புள்ள?" ஆஸியா உம்மா உறையை மேசையில் போட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். "தண்ணி தாங்க. பஸ்ஸுல நிண்டுகொண்டு வந்த."

"என்னாங்க சொன்னாங்க?" என்றார் ஜெயராஜ்.

"ஒண்டும் செல்லல்ல. ரெண்டு படத்தையும் வெளிச்சத்துல மாட்டினாரு. ஸ்கேல எடுத்தாரு. அளந்தாரு. இன்னொரு டொக்டரக் கூப்பிட்டாரு. அவரும் அளந்தாரு. பொறகு, போங்க எண்டாரு."

"எங்க போகச் சொன்னாங்க? கொழும்புக்கா?"

"வீட்டுக்கு!" என்றார் ஆஸியா உம்மா. சொல்லிவிட்டுத்தான் அழத் தொடங்கினார். அழுதபடியே தண்ணீரைக் குடித்தார். ஜெயராஜ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "அதான் பாத்தேன், இவ்வளவு சத்தமா வாறாங்களேன்னு," என்றார்.

அவர் கண்ணைத் துடைத்து முடியும்வரை பஸ்னா காத்திருந்தாள். பிறகு தொண்டையைச் செருமாமல் கேட்டாள்.

"மாமி, நான் ஒருக்கா பாக்கவா?"

"நீ பாக்காம? ரெண்டும் உள்ளுக்குத்தான் ஈக்கி."

ஜெயராஜ் வெளிச்சப் பலகையைப் போட்டார். பஸ்னா இரண்டு ஃபிலிமையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினாள். இரண்டு நெஞ்சு, ஒரே ஆள். இரண்டிலும் மூன்றாவது விலா எலும்புக்குக் கீழே அந்தச் சின்ன வட்டம். மேசை லாச்சியிலிருந்து அடிமட்டத்தை எடுத்துப் புதிய படத்தின் மேல் வைத்தாள். கண்ணைக் கிட்டே கொண்டுபோய்க் கோடுகளை எண்ணினாள். டொக்டர்கள் இரண்டு பேர் அளந்துவிட்டார்கள்தான். இருந்தாலும் இன்னொரு தரம் எண்ணினாள்.

பதினொன்று.